முத்திரைத்தாளில் கையெழுத்துப் போடும் முன்

கேள்வி:

எனக்கு 33 வயது. பிறந்த ஊர் மன்னார்குடிக்குப் பக்கத்தில். 2014இல் பாபநாசம் வட்டத்தில் ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டேன். மகனுக்கு ஒன்பது வயது, மகளுக்கு நான்கு. அடி தாங்காமல் பதினான்கு மாதங்களுக்கு முன் மகளைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்போது மகன் பள்ளியில் இருந்தான். இன்றுவரை அங்கேதான் இருக்கிறான். போனில்கூடப் பேச விடுவதில்லை. திருமணத்தில் போட்ட 30 பவுனில் 22 பவுன், கணவர் பெயரில் கூட்டுறவுச் சங்கத்தில் அடகில் இருக்கிறது. குறுவைச் செலவுக்கும் உரக்கடை முதலுக்கும் என்று வாங்கிப்போனார். ஆறு ஏக்கர் நஞ்சை மாமனார் பெயரில். கடை அண்ணன் தம்பி இருவரும் சேர்ந்து நடத்துவது. நான் ஒரு தனியார் நர்சரிப் பள்ளியில் 9,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன்.

இரண்டு ஊர்ப் பெரியவர்களும் உட்கார்ந்து பேசி ஒரு முடிவு சொல்லியிருக்கிறார்கள்: எனக்கு 3 லட்சம், மகள் என்னிடம், மகன் அவரிடம், நகையை இரு தரப்பும் மறந்துவிட வேண்டும், இனி யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது. பணம் கேட்டு வழக்குப் போட்டால் மகளையும் வாங்கிவிடுவேன் என்கிறார் கணவர். தங்கைக்கு வரன் பார்ப்பதால் தை பிறந்ததும் முடித்துவிடலாம் என்கிறார் அப்பா. முத்திரைத்தாள் வரைவின் நகலை இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

போடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய இரண்டு பக்க வரைவைப் படித்தேன். எழுதியவர் பத்திரம் எழுதிப் பழகியவர்தான். நிலக்கிரயத்துக்கு உரிய சொற்களெல்லாம் அதில் இருக்கின்றன. 'எவ்விதப் பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் இல்லை' என்று உங்களையே விற்றுத் தீர்த்ததுபோல எழுதியிருக்கிறார். என் கண் நின்ற இடம் இரண்டாவது பக்கத்தின் மேல் வரி: 'இருவரும் மனமொத்து, யாருடைய வற்புறுத்தலும் இன்றி, இன்று முதல் பிரிந்து வாழச் சம்மதித்து'. கேட்பதற்கு நாகரிகமாக இருக்கிறது. ஆனால் மனைவி, குழந்தைகளின் ஜீவனாம்சத்துக்கான சட்டப்பிரிவில் (முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 125, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 144) மனைவிக்குப் பணம் மறுக்கப்படும் காரணங்களில் ஒன்று, இருவரும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழ்வது. அடித்ததால் வந்தேன் என்று இன்று உங்களால் சொல்ல முடிகிறது. இந்தத் தாளில் கையெழுத்திட்டால், சம்மதித்துத்தானே பிரிந்தாய் என்று நாளை எதிர்த்தரப்பு வக்கீல் உங்கள் கையெழுத்தையே உங்களிடம் காட்டிக் கேட்பார்.

இத்தனைக்கும் இந்தத் தாள் உங்களுக்கு விவாகரத்தையும் தராது. இந்து திருமணச் சட்டம், 1955இன்படி நீதிமன்றத் தீர்ப்பாணை இல்லாமல் திருமணம் முறியாது. குறிப்பிட்ட சமூகத்தில் தொன்றுதொட்டு வரும் வழக்காறு உண்டென்றால் அதைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்பது உண்மை. ஆனால் அப்படி ஒரு வழக்காறு இருக்கிறது என்பதைச் சொல்பவர்தான் சாட்சியத்தோடு நிரூபிக்க வேண்டும், அது லேசில் நடக்காது. நோட்டரி முத்திரை குத்தினாலும், பத்துப் பெரியவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் நிலைமை மாறாது. இதை நம்பி உங்கள் கணவர் மறுமணம் செய்தால் அது செல்லாது, குற்றமும் ஆகும். நீங்கள் செய்தாலும் அப்படியே.

ஊர்ப் பெரியவர்களை நான் இழித்துப் பேசவில்லை. மடை தகராறு, முறைத்தண்ணீர், வரப்பு வெட்டு என்று வந்தால் அவர்கள் ஒரு மாலையில் தீர்ப்பதை நீதிமன்றத்தில் நாங்கள் பத்து வருடம் இழுப்போம். ஆனால் இங்கே அவர்கள் பிள்ளையையும் பணத்தையும் ஒரே பேரத்தில் கட்டியிருக்கிறார்கள். மகளை வைத்துக்கொள், பணம் கேட்காதே. பணம் கேட்டால் மகளும் இல்லை. சட்டத்தில் இப்படி ஒரு கொடுக்கல் வாங்கலுக்கே இடமில்லை. பிள்ளை யாரிடம் வளர்வது என்பது பிள்ளையின் நலனைப் பார்த்து முடிவாவது. பிள்ளைக்கு ஆகும் செலவை யார் தருவது என்பது வருமானத்தைப் பார்த்து முடிவாவது. நகை உங்கள் சொத்து. அது இந்த இரண்டிலும் சேராது. மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பாருங்கள், பயம் பாதியாகக் குறையும்.

முதலில் அந்த 3 லட்சம். மகளுக்கு 18 வயது ஆக இன்னும் பதினான்கு ஆண்டுகள், அதாவது 168 மாதங்கள். வகுத்தால் மாதம் சுமார் 1,786 ரூபாய் வருகிறது. அதுவும் மகளுக்கு மட்டும். உங்களுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொண்டால். பள்ளி வேனுக்கு நீங்கள் மாதம் எவ்வளவு கட்டுகிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். அடுத்து, இன்றைய நாளிதழில் ஒரு பவுன் விலையைப் பார்த்து 22ஆல் பெருக்குங்கள். அந்தத் தொகையை விட்டுவிட்டு இந்தத் தொகையை வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். இது கொடுப்பதா, எடுத்துக்கொள்வதா என்று உங்கள் அப்பாவிடம் அந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டிக் கேளுங்கள். நான் சொல்வதைவிட அது அவருக்கு எளிதில் புரியும்.

மகளின் பணத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கே உரிமை கிடையாது. குழந்தைக்கான ஜீவனாம்சம் குழந்தையின் உரிமை. தாய் கையெழுத்திட்டதால் அது அழியாது. மனைவியின் விஷயத்திலும் நீதிமன்றங்கள் ஏறக்குறைய இதே பார்வையில்தான் இருக்கின்றன. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு இனிக் கேட்கமாட்டேன் என்று சமரசம் எழுதிய ஒரு மனைவி, பிறகு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, அந்த எழுத்து தடையாகாது என்று 2013இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதனால் கையெழுத்துப் போட்டாலும் பரவாயில்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். போட்ட கையெழுத்தை விளக்கியே இரண்டு வருட வாய்தா போய்விடும்.

அவர் பெயரில் எதுவும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம் பகுதி வழக்குகளில் நான் அடிக்கடி கேட்கும் பதில் இது. நிலம் அப்பா பெயரில், கடை அண்ணன் பெயரில், டிராக்டர் மைத்துனர் பெயரில். இவர் சாப்பிடுவது மட்டும் சொந்தப் பெயரில். இந்தக் கதைக்கு 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் ஒரு கதவை அடைத்தது. ஜீவனாம்சம் கேட்கும் ஒவ்வொரு வழக்கிலும் இரு தரப்பும் தங்கள் சொத்து, வருமானம், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். அதில் விவசாயக் குடும்பத்துக்கென்றே தனிப் படிவம் உண்டு. எவ்வளவு நிலம், அதில் இவருடைய பங்கு என்ன, நஞ்சையா புஞ்சையா, என்ன பயிர், கடந்த மூன்று ஆண்டுகளில் நிலத்திலிருந்து வந்த வருமானம், குத்தகைக்கு எடுத்த நிலம் உண்டா, கால்நடை எத்தனை, எங்கே கடன் என்று வரிசையாகக் கேட்கும். பொய் எழுதினால் அது நீதிமன்றத்தில் சொன்ன பொய்.

அவர் எழுதுவதைச் சரிபார்க்க உங்களுக்கு ஊரே உதவும். ஆறு ஏக்கரில் உழுவது மாமனாரா, கணவரா? அடங்கலில், அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கில், யார் பெயர் ஏறியிருக்கிறது? சம்பா அறுவடை தை, மாசியில் வந்துவிடும். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை போட்டால் பணம் ரொக்கமாகக் கைக்கு வராது, வங்கிக் கணக்கில்தான் ஏறும். யார் கணக்கு என்பது ஒரு ஸ்டேட்மெண்டில் தெரிந்துவிடும். உரக்கடைக்கு வேளாண்மைத் துறையின் உரிமம் இருக்கும், ஜிஎஸ்டி பதிவு இருக்கும், மானிய உரம் விற்றதெல்லாம் கடையின் விற்பனைப் பதிவுக் கருவியில் (பி.ஓ.எஸ்.) பதிவாகியிருக்கும். இவற்றை நீங்கள் ஒளிந்து நின்று திரட்ட வேண்டியதில்லை. எந்த வங்கி, எந்தக் கிளை, கடையின் பெயர் என்ன என்று தெரிந்தால் போதும். ஆவணத்தை வரவழைக்கும்படி நீதிமன்றத்தில் உங்கள் வக்கீல் மனுப் போடுவார்.

உண்மையிலேயே வருமானம் இல்லை என்றாலும் கணவர் தப்ப முடியாது. உடல் திடமாக உள்ள ஆண், கூலி வேலை செய்தாவது மனைவி மக்களைக் காப்பாற்றக் கடமைப்பட்டவன் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் அழுத்தமாகச் சொல்லியிருக்கிறது. உங்கள் 9,000 ரூபாய் சம்பளமும் தடையாகாது. மனைவி ஏதோ சம்பாதிக்கிறாள் என்பதற்காக மட்டும் ஜீவனாம்சத்தை மறுக்கக் கூடாது என்பது 2014இலேயே முடிந்த விஷயம். தொகையை முடிவு செய்யும்போது அதைக் கணக்கில் எடுப்பார்கள், அவ்வளவுதான். ஆகவே சம்பளத்தை மறைக்காதீர்கள். உங்களுக்கும் அதே பிரமாணப் பத்திரம் உண்டு. வேலையை விட்டுவிட்டு வழக்குப் போடு என்று யாராவது யோசனை சொன்னால், அவரிடம் இரண்டாவது யோசனை கேட்காதீர்கள்.

எவ்வளவு கிடைக்கும் என்று கேட்பீர்கள். கணவரின் நிகர வருமானத்தில் நான்கில் ஒரு பங்கு என்று ஒரு கணக்கு எல்லோர் வாயிலும் உலவுகிறது. அது 2017இல் ஒரு சம்பளக்காரரின் வழக்கில் வந்த அளவு. எல்லா வழக்குக்குமான சூத்திரம் அல்ல. குழந்தைகளின் செலவு, கணவரின் வசதி, அவர் கட்ட வேண்டிய நியாயமான கடன், அந்த வீட்டில் நீங்கள் வாழ்ந்த நிலை எல்லாவற்றையும் நீதிபதி பார்ப்பார். ஆனால் ஒன்று உறுதியானது: ஜீவனாம்சம் மனுப் போட்ட தேதியிலிருந்துதான் கணக்காகும், அதற்கு முன் கழிந்த பதினான்கு மாதங்களுக்கு அல்ல. நீங்கள் தயங்கும் ஒவ்வொரு மாதமும் உங்கள் மகளின் கணக்கிலிருந்து கழிகிறது. இடைக்காலத் தொகை கேட்கும் மனுவை நோட்டீஸ் சேர்ந்த 60 நாட்களுக்குள் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. நடைமுறையில் கூடுதலாக ஆகும். ஆனாலும் முன்தேதியிட்டுத்தான் வரும்.

ஆணை வந்த பிறகும் பணம் தராமல் இழுப்பவர்கள் உண்டு. பாக்கிக்கு வாரண்ட் போடலாம். ஒவ்வொரு மாதப் பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறைக்கு அனுப்பவும் முடியும். ஆனால் பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் நிறைவேற்று மனு போட வேண்டும். இந்தக் கெடுவைத் தவறவிட்டுப் பழைய பாக்கியை இழந்த பெண்கள் ஏராளம். நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

நிலத்தைப் பற்றி உங்கள் அம்மா ஒரு நம்பிக்கை வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள்: பாதி நிலம் எழுதி வாங்கலாம் என்று. அப்படி இல்லை. கணவர் உயிரோடு இருக்கும்போது அவருடைய சொத்தில் மனைவிக்குப் பங்கு கிடையாது, மாமனார் சொத்தில் அறவே கிடையாது. உங்களுக்கு இருப்பது வசிக்கும் உரிமையும் ஜீவனாம்ச உரிமையும். பிள்ளைகள் கதை வேறு. அந்த ஆறு ஏக்கர் பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து என்றால், உங்கள் மகனுக்கும் மகளுக்கும் அதில் பிறப்புரிமை உண்டு. மகள் என்பதால் குறையாது. மாமனார் தானே சம்பாதித்து வாங்கியது என்றால், அல்லது அவருடைய அப்பாவிடமிருந்து 1956க்குப் பிறகு வாரிசுரிமையில் தனியாக வந்தது என்றால், அவர் இஷ்டப்படி யாருக்கும் எழுதலாம். மூலப்பத்திரம் பார்க்காமல் எந்த வக்கீலாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. சர்வே எண் தெரியுமானால் பட்டாவையும் வில்லங்கத்தையும் இணையத்திலேயே பார்த்துவிடலாம். சமீபத்தில் மாமனாரின் மூத்த மகன் பெயருக்கு ஏதாவது தான செட்டில்மெண்ட் பதிவாகியிருக்கிறதா என்று கவனியுங்கள். குடும்பத்தில் இப்படி ஒரு தகராறு தொடங்கியவுடன் பல வீடுகளில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் முதல் ஓட்டம். இன்னொன்று: விவாகரத்து ஆனால் கணவரின் வாரிசு என்ற தகுதியை நீங்கள் இழப்பீர்கள், பிள்ளைகள் இழக்கமாட்டார்கள். விவாகரத்துக்கு அவசரப்படும் பெண்களிடம் இதை நான் எப்போதும் சொல்வேன்.

நகைக்கு வருகிறேன். திருமணத்தில் உங்களுக்குப் போட்டது சீதனம். அது உங்களுக்கு மட்டுமே சொந்தம். கணவர் கையில் இருந்தால் அவர் காப்பாளர்தான், உரிமையாளர் அல்ல என்று 1985இலேயே உச்ச நீதிமன்றம் முடிவு கட்டிவிட்டது. இக்கட்டில் கணவர் அதை எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் திருப்பித் தரும் கடமை அவருக்கு உண்டு என்று 2024இலும் ஒருமுறை சொல்லி, ஒரு மனைவிக்கு 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் செய்தது. எனவே குறுவைக்கு நீங்களே கழற்றிக் கொடுத்தீர்கள் என்பது அவருக்கு வாதமாகாது. நம் பக்கத்தில் மேட்டூர் திறக்கும் ஜூன் மாதம் வந்தால் எந்த வீட்டில்தான் வளையல் கையில் இருக்கிறது? நடவு முடியும்வரை அடகு, அறுவடையில் மீட்பு என்பது இங்கே குடும்ப வழக்கம். கொடுத்தது மீட்டுத் தருவதற்காக, தானமாக அல்ல.

நிரூபிப்பதுதான் வேலை. நகைக்கடை பில் உங்கள் அப்பாவிடம் இருக்கிறதா? திருமண ஆல்பமும் வீடியோவும் எங்கே? மணமேடையில் கழுத்திலும் கையிலும் என்ன இருந்தது என்பதை அதைவிடத் தெளிவாகச் சொல்லும் சாட்சி கிடையாது. சங்கத்தில் அடகு வைத்தபோது நகையின் விவரமும் எடையும் கடன் அட்டையில் எழுதப்பட்டிருக்கும். இரட்டைவடச் சங்கிலி ஒன்று, நெளி வளையல் ஆறு என்று அட்டையில் இருப்பதும் ஆல்பத்தில் தெரிவதும் பொருந்தினால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது. அட்டையின் போட்டோவோ கடன் எண்ணோ உங்களிடம் இருந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள். இந்த நகைகள் என்னுடைய சீதனம், எனக்குத் தெரியாமல் யாரிடமும் கொடுக்க வேண்டாம் என்று சங்கச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பி வையுங்கள். அந்தக் கடிதம் மட்டும் சங்கத்தைக் கட்டுப்படுத்தாது. கட்டுப்படுத்த நீதிமன்ற ஆணை வேண்டும். ஆனால் தங்களுக்குத் தெரியாது என்று பிறகு அவர்கள் சொல்ல முடியாது.

இப்போது மகன். இங்கே நான் உங்களுக்கு இனிப்பான பதில் தரப்போவதில்லை.

மகளை வாங்கிவிடுவேன் என்ற மிரட்டலை முதலில் ஒதுக்குங்கள். இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956 தந்தையை இயற்கைக் காப்பாளர் என்று சொன்னாலும், ஐந்து வயது முடியாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம்தான் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஐந்து வயது முடிந்த மறுநாள் காலையில் வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போக முடியாது. அதன் பிறகும் பார்ப்பது குழந்தையின் நலனைத்தான். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையோ விளையாட்டுப் பொருளோ அல்ல என்று 1973இல் சென்னையிலிருந்து போன ஒரு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் சொன்னது இன்றுவரை மேற்கோளாக வந்துகொண்டிருக்கிறது. உங்கள் சம்பளம் குறைவு என்பதால் மகளைப் பிரிக்கமாட்டார்கள். குறையை ஈடுகட்டத்தான் ஜீவனாம்சம்.

ஆனால் அதே அளவுகோல் மகன் விஷயத்தில் உங்களுக்கு எதிராகவும் திரும்பலாம். அவன் பதினான்கு மாதங்களாக அங்கே இருக்கிறான். பள்ளி, நண்பர்கள், பாட்டி எல்லாம் அங்கே. நிலைபெற்ற சூழலிலிருந்து பிள்ளையைப் பெயர்க்க நீதிமன்றங்கள் தயங்கும். ஒன்பது வயதுப் பையனை நீதிபதி தன் அறைக்கு அழைத்துத் தனியாகப் பேசுவார். அவன் சொல்வது கட்டளையாகாது, ஆனால் எடை உண்டு. ஒரு வருடத்துக்கு மேல் அம்மாவின் குரலே கேட்காத பிள்ளை என்ன சொல்வான் என்று யாரால் கணிக்க முடியும்? அண்ணனும் தங்கையும் ஒன்றாக வளர வேண்டும் என்பதும், அந்த வீட்டில் அடிதடி நடந்தது என்பதும் உங்கள் பக்கம் நிற்கும் வாதங்கள். மகன் கட்டாயம் கிடைப்பான் என்று முதல் நாளே உறுதி கொடுக்கும் வக்கீலிடம் வக்காலத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அதனால் என் யோசனை, முழுப் பொறுப்பையும் கேளுங்கள். ஆனால் கூடவே, அது முடிவாகும்வரை அவனைப் பார்க்கவும் பேசவும் இடைக்கால ஆணை உடனே கேளுங்கள். உண்மையில் முதலில் வேண்டியது இதுதான். பெற்றோரில் ஒருவரிடம் பிள்ளை இருக்கும்போது மற்றவரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது, நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது பேச வேண்டும் என்று 2020இல் உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. வாரத்தில் இத்தனை அழைப்பு, மாதத்தில் இத்தனை சனி ஞாயிறு, பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் பாதி நாட்கள் என்று நாளும் நேரமும் இடமும் குறித்துக் கேளுங்கள். 'வசதிப்படி பார்க்கலாம்' என்று பொதுவாக வரும் ஆணையால் பயனில்லை. யாருடைய வசதி என்பதில் அடுத்த சண்டை தொடங்கும். அண்ணனும் தங்கையும் சந்திக்கும் நாட்களையும் அதில் எழுதச் சொல்லுங்கள், மகளுக்கும் அண்ணன் வேண்டும். பொறுப்பு குறித்த எந்த ஆணையும் கடைசி ஆணை அல்ல. சூழ்நிலை மாறினால் திரும்பப் போகலாம். ஆறு மாதம் ஒழுங்காகச் சந்தித்துப் பழகிய பிறகு அதே பையன் வேறு பதில் சொல்வதை நான் பார்த்திருக்கிறேன்.

பள்ளி வாசலில் காத்திருந்து அவனைக் கூட்டிவந்துவிடலாமா என்று உங்கள் அண்ணன் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அந்த ஒரு காட்சி அவர்களுக்கு வழக்கு முழுவதுக்கும் போதும். காவல் நிலையத்தில் சொல்லி மகனை வாங்கித் தரும்படியும் கேட்காதீர்கள். பொறுப்பை முடிவு செய்யும் அதிகாரம் காவல் துறைக்கு இல்லை.

எங்கே போவது என்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. காப்பாளர் சட்டத்தின்கீழ் மகனுக்கு மட்டும் மனுப் போட்டால், அவன் வழக்கமாக வசிக்கும் பாபநாசம் பக்கத்துக்கு அதிகாரமுள்ள நீதிமன்றத்தில் போட வேண்டியிருக்கும். வாய்தாவுக்கு வாய்தா இரண்டு பஸ் மாறி மகளைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டும். மனைவி தான் வசிக்கும் இடத்திலேயே விவாகரத்து மனுப் போடலாம் என்று 2003 முதல் சட்டம் இடம் கொடுக்கிறது; அந்த மனுவுக்குள்ளேயே பிள்ளைகளின் பொறுப்பையும் கேட்கலாம். ஆனால் விவாகரத்து வேண்டுமா என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது கடிதத்தின் வரிகளுக்கு இடையில் எனக்குத் தெரிகிறது. முடிவு செய்யவும் அவசரமில்லை.

அந்த நிலையில் உங்களுக்கு ஏற்றது குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. திருமணம் அப்படியே இருக்கும். நீங்கள் இப்போது இருக்கும் இடத்துக்கு அதிகாரமுள்ள நீதித்துறை நடுவரிடம் ஒரே மனுவில் மாதத் தொகை, நகையைத் திருப்பித் தருவது, வசிப்பிடம் அல்லது வாடகை, பிள்ளைகளின் தற்காலிகப் பொறுப்பும் சந்திப்பும், பாதுகாப்பு ஆணை எல்லாவற்றையும் கேட்கலாம். வீடு மாமனார் பெயரில் இருப்பதால் உங்களுக்கு அங்கே வசிக்கும் உரிமை இல்லை என்ற வாதமும் 2020இல் உடைந்துவிட்டது. ஒரு வருடம் தாண்டிவிட்டது, இனி இந்தச் சட்டத்தில் போட முடியாது என்று யாரோ சொன்னதாக எழுதியிருந்தீர்கள். தவறு. தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கில், இந்த மனுவுக்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அடிபட்டபோது அரசு மருத்துவமனையில் காட்டிய சீட்டு, மகளிர் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவுக்கான சி.எஸ்.ஆர். ரசீது, கணவர் அனுப்பிய குரல் செய்திகள் இருந்தால் எடுத்து வையுங்கள். பழைய போனை மாற்றிவிடாதீர்கள்.

செலவை நினைத்து அப்பா பயப்படுகிறார் என்று தோன்றுகிறது. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவாக இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் வட்ட அளவில் அதன் குழுவும் இயங்குகின்றன. 15100 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் இருக்கும் பாதுகாப்பு அலுவலர் மூலமாகவும் மனுவைத் தொடங்கலாம், அதற்கும் கட்டணம் இல்லை.

சமாதானமே வேண்டாம் என்பதல்ல என் பேச்சு. பேசி முடிப்பதுதான் எப்போதும் நல்லது. பேசும் இடம் நீதிமன்றத்தின் சமரச மையமாக இருக்கட்டும். பெரியவர்கள் விரும்பினால் அங்கேயும் வரலாம். நாளை பரஸ்பர சம்மத விவாகரத்துக்கே ஒப்புக்கொண்டாலும், ஓராண்டுக்கு மேல் பிரிந்திருக்கும் தகுதி உங்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. மனுப் போட்டு ஆறு மாதம் கழித்து இரண்டாவது முறை ஆஜராக வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தளர்த்தலாம் என்று 2017இல் தீர்ப்பு வந்திருக்கிறது. நிபந்தனைகளை எழுதும்போது நகையை 'நகைகள்' என்று மொத்தமாக எழுத விடாதீர்கள். எண்ணிக்கையும் எடையும் வேண்டும். மகளின் தொகை தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அவள் பெயரில் வைப்பாக இருக்கட்டும், படிப்புச் செலவு ஆண்டுதோறும் ஏறுவதற்கும் ஒரு வரி எழுதுங்கள். பணம் வரைவோலையாக உங்கள் கைக்கு வந்த பிறகுதான் இரண்டாவது கையெழுத்து. தீர்ப்பாணை வரும்வரை சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை இரு தரப்புக்கும் உண்டு என்பதைக் கணவர் தரப்பும் அறிந்துதான் இருக்கும்.

தங்கையின் கல்யாணத்துக்கு இது தடை என்ற பேச்சுக்கு என்னிடம் சட்டத்தில் பதில் இல்லை. அரைகுறையாக எழுதிய ஒரு தாளை வைத்துக்கொண்டு, மூத்த பெண் விவாகரத்து வாங்கிவிட்டாள் என்று வரன் வீட்டில் சொல்வதைவிட, வழக்கு நடக்கிறது என்று உள்ளதைச் சொல்வது மரியாதை என்பது என் அபிப்பிராயம். உங்கள் அப்பா ஒத்துக்கொள்வாரோ தெரியாது.

பெரியவர்களிடம் சண்டை போட வேண்டாம். வக்கீலைக் கலந்துகொண்டு எழுத்தில் பதில் சொல்கிறேன் என்று மட்டும் சொல்லுங்கள். வற்புறுத்தி வீட்டுக்கு வந்தால் பெண்கள் உதவி எண் 181க்கு அழையுங்கள். அதற்குள் அடகு அட்டையில் தவணை தேதி எப்போது முடிகிறது என்று பாருங்கள். தேதி தாண்டினால் ஏல நோட்டீஸ் கணவர் பெயருக்குத்தான் போகும், உங்களுக்குத் தெரியவே வராது. நகையை ஏலம் விடாமலும் யாரிடமும் ஒப்படைக்காமலும் நிறுத்தி வைக்கும் இடைக்கால ஆணைக்கான மனு, நீதிமன்றம் பொங்கல் விடுமுறைக்கு மூடும் முன்பே உள்ளே போயாக வேண்டும். ஆல்பம், பில், அட்டையின் நகல், குடும்ப அட்டை, இரு குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ், உங்கள் சம்பளச் சீட்டு, இந்த முத்திரைத்தாள் வரைவு ஆகியவற்றை எடுத்துக்கொண்டு வரும் திங்கட்கிழமையே சட்டப்பணிகள் குழு அலுவலகத்துக்குப் போங்கள்.